மன்னார் வளைகுடாக் காற்றாலைப் பண்ணையும் வளிமண்டல ஈர்ப்பு அலைகளும்: கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு மாதிரியாக்கப் பணியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலில் காற்றாலை நிறுவுவது பற்றிய பேச்சு தென்கோடித் தமிழ்நாட்டில் நெடுநாளாகவே உண்டு. தேசியக் கடல்சார் காற்றாற்றல் கொள்கை 2015-இல் வெளியானது. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ரூ.7,453 கோடி மதிப்பிலான நிதியுதவித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்து, குஜராத் கடலிலும் தமிழ்நாட்டுக் கடலிலும் தலா 500 மெகாவாட் நிறுவுவதை முதல் இலக்காக வைத்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தலும் காற்றாலைகளால் நிறைந்துவிட்ட கன்னியாகுமரி மாவட்டத்தில், அடுத்த கட்டம் கிழக்கே மன்னார் வளைகுடாவில்தான் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததே.

இந்தச் சூழலில் ஓர் ஆலோசனை நிறுவனம், நாகர்கோவிலை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வுக் குழுவிடம் ஒரே ஒரு கேள்வியை வைத்தது. ஆண்டு மின்னுற்பத்திக் கணிப்பில், முன்னே நிற்கும் காற்றாலை பின்னே நிற்பதன் காற்றைத் தளர்த்தும் காற்று நிழலால் வரும் இழப்பைக் கழித்த பிறகு, வளிமண்டல ஈர்ப்பு அலைகளுக்கென்று தனியாக எத்தனை விழுக்காடு கழிக்க வேண்டும் என்பதே அது. குழுவில் ஒரு பேராசிரியரும், இரண்டு ஆய்வு மாணவர்களும், முப்பந்தலில் காற்றாலைப் பராமரிப்பில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரும் இருந்தனர். முடிவுகளை வெளியாள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற ஏற்பாட்டின்படி நான் அதில் சேர்ந்தேன்.

உண்மையான பண்ணை வரைபடம் எதுவும் கையில் இல்லாததால் குழு ஒரு மாதிரிப் பண்ணையை வைத்துக்கொண்டது. சர்வதேச எரிசக்தி முகமையின் 15 மெகாவாட் ஒப்பீட்டுக் காற்றாலை வடிவமைப்பு அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் சுழலி விட்டம் 240 மீட்டர்; அச்சு உயரம் 150 மீட்டர். வரிசைக்கு ஏழாக ஐந்து வரிசை, ஆக 35 காற்றாலைகள், 525 மெகாவாட். வரிசைகளுக்கு இடையே ஏழு விட்டமும் பக்கவாட்டில் ஐந்து விட்டமும் இடைவெளி விட்டதில் பண்ணை ஏறத்தாழ 6.7 கி.மீ. நீளமும் 7.2 கி.மீ. அகலமும் உடையதாயிற்று. இடம், வட்டக்கோட்டைக்குக் கிழக்கே கரையை விட்டுத் தள்ளிய கடற்பகுதி.

கேள்விக்குப் பின்னே உள்ள இயற்பியல்

கடலின் மேல் சில நூறு மீட்டர் உயரம் வரை காற்று நன்றாகக் கலந்து கிடக்கும். இதை எல்லை அடுக்கு என்கிறோம். அதற்கு மேல், உயரம் கூடும்போது காற்று குளிர்வதற்குப் பதிலாகச் சட்டென்று வெப்பமாகும் மெல்லிய தலைகீழ் வெப்ப அடுக்கு ஒன்று மூடிபோட்டதாக இருக்கும். அதற்கும் மேலே நிலைத்த அடுக்குகளாலான மேல்வளி. ஒரு பெரிய பண்ணை காற்றின் வேகத்தைக் குறைக்கும்போது, ஓட்டம் தொடர வேண்டுமென்பதால் எல்லை அடுக்கு தடிக்கிறது. தலைகீழ் அடுக்கு மேலே தள்ளப்படுகிறது. தள்ளப்பட்ட கனமான காற்றைப் புவியீர்ப்பு கீழே இழுக்க, அந்த அடுக்கின் முகப்பிலும் அதற்கு மேலுள்ள மேல்வளியிலும் அலைகள் எழுகின்றன. அவை பண்ணையோடு ஒட்டி நிலையாக நிற்பவை. அவற்றால் பண்ணைக்கு முன்னே அழுத்தம் கூடும், உள்ளே குறையும். முன்வரிசைக்கு வந்து சேரும் காற்று தளர்வதை முன்தடை என்கிறார்கள். பண்ணைக்குள் இறங்கும் அழுத்தமோ பின்வரிசைகளின் காற்றை முன்னோக்கித் தள்ளி, நிழலிலிருந்து மீள உதவுகிறது.

இந்தப் படம் 2010-இல் ரொனால்டு ஸ்மித் எழுதிய கட்டுரையிலேயே தெளிவாக இருக்கிறது. ஆனால் தொழில்துறை இதைக் கவனித்தது பிறகுதான். 2018-இல் பிளீக் முதலானோர் முன்தடையைப் புறக்கணித்தால் உற்பத்திக் கணிப்பு மிகையாகிவிடும் என்று அளவீடுகளோடு காட்டினர். 2019 அக்டோபரில் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் நிறுவனம், முன்தடையையும் காற்று நிழலையும் தான் குறைத்து மதிப்பிட்டிருந்ததாக வெளிப்படையாக அறிவித்தது. அதன் பிறகு முதலீட்டாளர் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வியாக இது ஆகிவிட்டது.

கணினியைத் தொடுவதற்கு முன்பே, பேராசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். தலைகீழ் அடுக்கில் வெப்பநிலைத் தாவல் 5 கெல்வின், கீழே வெப்பநிலை 300 கெல்வின் என்று கொண்டால், குறைக்கப்பட்ட ஈர்ப்பு முடுக்கம் 9.81-ஐ 5-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்து, வினாடி வர்க்கத்துக்குச் சுமார் 0.16 மீட்டர் ஆகிறது. பண்ணை அந்த அடுக்கைப் பத்தே மீட்டர் தூக்கினாலும் கீழே சுமார் 1.9 பாஸ்கல் அழுத்தம் கூடும். காற்று வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்தால், அந்த அழுத்தத்தை எதிர்கொள்ள அது இழப்பது வினாடிக்கு 0.16 மீட்டர், அதாவது 1.6 விழுக்காடு. ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், முன்வரிசையின் இழப்பு ஏறத்தாழ 5 விழுக்காட்டைத் தொடுகிறது. வளிமண்டல அழுத்தமே ஒரு லட்சம் பாஸ்கல் என்னும்போது இரண்டு பாஸ்கல் என்ன செய்துவிடும் என்று அறையில் ஒருவர் கேட்டார். அதற்குப் பதில் இந்தக் கணக்குத்தான்.

அதே கரும்பலகையில் ஃபுரூட் எண்ணும் எழுதப்பட்டது. காற்றின் வேகத்தை, தலைகீழ் அடுக்கின் மேல் ஓடும் அலையின் வேகத்தால் வகுத்தால் வருவது அது. அடுக்கின் உயரம் 500 மீட்டர், தாவல் 5 கெல்வின் என்றால் அலை வேகம் வினாடிக்குச் சுமார் 9 மீட்டர். காற்று 8 மீட்டரில் வீசினால் ஃபுரூட் எண் 0.9-க்குச் சற்றுக் கீழே. 12 மீட்டரில் வீசினால் 1.3. ஒன்றுக்கு அருகில் அலையும் காற்றும் ஒன்றையொன்று பிடித்து வைத்துக்கொள்வதால் முன்தடை பெரிதாகும். காற்றாலைகள் பெரும்பாலும் ஓடுவது இந்த வேகங்களுக்கு நடுவில்தான் என்பதே கவலைக்குக் காரணம்.

முதல் மாதிரியும் முதல் ஐயமும்

மாணவர்கள் வடகடல் பண்ணைகளுக்காக உருவான பெருஞ்சுழல் உருவகப்படுத்தல் (காற்றின் பெரிய சுழல்களை நேராகவே கணக்கிடும் கணினி முறை) அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டனர். தொடக்கத்துக்கு அது நியாயமான தேர்வே. அந்த அமைப்பில் காற்று மேலே வரை ஒரே திசையில், ஒரே வேகத்தில் வீசும். மேல்வளியின் நிலை வெப்பநிலை (அழுத்த மாற்றத்தின் விளைவை நீக்கிய வெப்பநிலை) உயரத்தோடு கூடும் வீதம், நிலைப்புத்தன்மையைக் குறிக்கும் பிரன்ட்–வைசாலா அதிர்வெண் வினாடிக்கு 0.01 என்று வரும்படி, கிலோமீட்டருக்குச் சுமார் 3 கெல்வினாக வைக்கப்பட்டது. கணினி நேரத்தை மிச்சப்படுத்த, காற்றோட்டம் கணக்கிடப்படும் வெளியான பெட்டியின் உயரம் குறைக்கப்பட்டு, மேலே அலைகளை விழுங்குவதற்கான ஒரு தணிப்பு அடுக்கு சேர்க்கப்பட்டது.

வந்த முடிவு, கரும்பலகைக் கணக்கையும் தாண்டிய முன்தடையைக் காட்டியது. ஆலோசனை நிறுவனத்துக்கு அது ஆச்சரியமாக இல்லை. எதிர்பார்த்ததைவிடப் பெரிய எண் வந்தால் எச்சரிக்கையான கணிப்பு என்று ஏற்றுக்கொள்ளும் மனநிலை அங்கே இருந்தது. ஐயம் வந்தது வேறு இடத்திலிருந்து. இளைய மாணவி ஒருவர், அலைகள் மேல்நோக்கிக் கடத்தும் கிடைமட்ட உந்தப் பாய்வை ஒவ்வொரு உயரத்திலும் கணக்கிட்டு வரைந்திருந்தார். உராய்வு இல்லாத, நிலையான நேரியல் அலைக்கு அந்தப் பாய்வு உயரத்தோடு மாறக்கூடாது என்பது எலியாசன்–பாம் 1961-இல் நிறுவிய முடிவு. அவருடைய வரைபடத்தில் அது நேர்க்கோடாக இல்லாமல் அலைந்தது. மேலே போன அலை தொட்டித் தண்ணீர் சுவரில் மோதித் திரும்புவதுபோலத் திரும்பி வந்து, பண்ணையின் மேல் விழுந்துகொண்டிருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

காரணமும் எளிது. காற்று வினாடிக்கு 10 மீட்டர், அதிர்வெண் 0.01 என்றால் நிலையான அலையின் செங்குத்து அலைநீளம் 6.3 கி.மீ.; காற்று 12 மீட்டரானால் 7.5 கி.மீ. தணிப்பு அடுக்கு அந்த அளவுக்காவது தடிமனாக இல்லாவிட்டால் அலை அதைக் கடந்து பெட்டியின் கூரையைத் தொட்டுத் திரும்பும். கிளெம்ப்–லில்லி 1978 முதல் இது தெரிந்த விஷயம். தணிப்பை வலுவாக்கினால் போதும் என்று முதலில் ஒரு யோசனை எழுந்தது. அது உதவவில்லை, சட்டென்று வலுவாகும் தணிப்பு அடுக்கின் அடிப்பரப்பே அலைக்கு ஒரு சுவராகிவிடும்.

பண்ணை இல்லாத பெட்டி

இங்கே எடுக்கப்பட்ட முடிவுதான் மொத்தப் பணியிலும் முக்கியமானது என்று நான் கருதுகிறேன். பேராசிரியர் காற்றாலைகள் அனைத்தையும் மாதிரியிலிருந்து நீக்கச் சொன்னார். பெட்டிக்குள் மிகத் தாழ்வான, மென்சரிவுள்ள ஒரு குன்று மட்டும் வைக்கப்பட்டது. அத்தகைய குன்றின் மேல் எழும் அலைக்குக் காகிதத்திலேயே தீர்வு உண்டு. 1948-இல் கெனே எழுதிய தீர்வு இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. கணினி அந்தத் தீர்வைத் தரும் வரை பெட்டியின் உயரம், தணிப்பு அடுக்கின் தடிமன், அதன் வலிமை மூன்றையும் மாற்றிக்கொண்டே இருப்பது என்று தீர்மானிக்கப்பட்டது.

நுழைவாயில் பக்கமும் ஒரு சிக்கல் இருந்தது. இந்த வகை உருவகத்தில் பெட்டியின் பின்முனையிலிருந்து வெளியேறும் காற்றே முன்முனையில் மீண்டும் நுழைகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள விளிம்புப் பட்டையில் காற்று பழைய நிலைக்குக் கட்டாயமாக இழுக்கப்படுகிறது. அந்த இழுப்பே பொய்யான அலைகளை எழுப்பும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லன்சிலாவோவும் மேயர்சும் 2022-இல் இதற்கு ஒரு திருத்தத்தை வெளியிட்டிருந்தனர். குழு அதை அப்படியே எடுத்துக்கொண்டது. இதில் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆலோசனை நிறுவனம் இந்தக் கட்டத்தில் பொறுமை இழந்தது. பண்ணையே இல்லாத பெட்டியை ஓட்டுவதற்குத் தாங்கள் பணம் கொடுக்கவில்லை என்று ஒரு கடிதம் வந்தது. முதல் ஓட்டத்தின் எண்ணைத் தற்காலிக மதிப்பாகவாவது தரும்படி அவர்கள் கேட்டனர். பேராசிரியர் மறுத்தார். தற்காலிக மதிப்பு என்று கொடுக்கப்படும் எண், நிதி அட்டவணையில் ஒருமுறை ஏறிவிட்டால் அதன் அடைமொழி உதிர்ந்துவிடும் என்பது அவருடைய வாதம். என் அனுபவமும் அதுவே.

பருவக்காற்றின் மேல்தளம்

பெட்டியை உயரமாக்கியபோதுதான் இந்தக் கடலுக்கே உரிய கேள்வி முன்வந்தது. வடகடலுக்கான செய்முறையில் மேலே வரை ஒரே காற்று. கன்னியாகுமரியில் ஆனி, ஆடியில் மேலே இருப்பது அதுவல்ல. கீழே மேற்குக் காற்று, சுமார் 1.5 கி.மீ. உயரத்தில் ஃபின்ட்லேட்டர் விவரித்த தாழ்நிலைத் தாரை, அதாவது விரைந்தோடும் குறுகிய காற்றோட்டம். அதற்கு மேல் வேகம் படிப்படியாகக் குறைந்து, ஏறத்தாழ 6 முதல் 7 கி.மீ. உயரத்தில் காற்று திசை மாறி, அதற்கு மேல் கிழக்கிலிருந்து வீசுகிறது. இன்னும் மேலே, 14 கி.மீ.க்கு அப்பால், கோட்டீஸ்வரம் 1958-இல் விவரித்த கிழக்குத் தாரை. பண்ணையோடு நிலையாக நிற்கும் அலைக்கு, காற்றின் வேகம் சுழியாகும் உயரம் ஒரு முற்றுப்புள்ளி. அங்கே நெருங்க நெருங்க அதன் செங்குத்து அலைநீளம் சுருங்கிக்கொண்டே போய், அலை உடைந்து காற்றோடு கலந்துவிடும்.

அங்கே அலை உறிஞ்சப்படுமா, திரும்புமா என்பதை ரிச்சர்ட்சன் எண் தீர்மானிக்கிறது. மேல்வளியின் நிலைப்புத்தன்மையை, காற்றின் வேகம் உயரத்தோடு மாறும் வீதத்தோடு ஒப்பிடும் எண் அது. புக்கரும் பிரெதர்டனும் 1967-இல் காட்டியபடி, அந்த எண் கால் பங்கைவிட வெகுவாகப் பெரிதாக இருந்தால் அலை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சப்படும். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்த்தனர். தாரையில் வினாடிக்கு 15 மீட்டராக இருக்கும் வேகம், 5 கி.மீ. மேலே போவதற்குள் சுழியாகிறது என்று கொண்டால் எண் சுமார் 11. அலை மிஞ்சித் திரும்பி வர வாய்ப்பில்லை. அதாவது, மாணவர்கள் கணினியில் வலிந்து கட்டிக்கொண்டிருந்த தணிப்பு அடுக்கைப் பருவக்காற்று தானே வைத்திருக்கிறது.

இதிலிருந்து இரண்டு மாற்றங்கள் செய்யப்பட்டன. 25 கி.மீ. உயரப் பெட்டி தேவையில்லை என்றாயிற்று. காற்று திசை மாறும் உயரத்துக்குச் சற்றுக் கீழிருந்தே மெல்ல வலுவாகும் தணிப்பைத் தொடங்கி, இயற்கையின் உறிஞ்சலைப் போலச் செய்தனர். சேமித்த கணினி நேரம் கீழே உள்ள வலைக்கட்டங்களை நெருக்கமாக்கச் செலவானது. கூடவே, காற்று ஒரே கோட்டில் திரும்பாமல் உயரத்தோடு வளைந்து திரும்புவதால், வெவ்வேறு திசையில் செல்லும் அலைகளுக்கு முற்றுப்புள்ளி வெவ்வேறு உயரத்தில் விழுகிறது என்பதும் குறிப்பில் சேர்க்கப்பட்டது. இதை மாதிரி முழுமையாகக் கையாளவில்லை.

இன்னொரு உள்ளூர் வேறுபாடு அட்சரேகையால் வந்தது. 52 பாகையில் புவிச் சுழற்சியால் காற்று ஒரு முழு ஊசலாட்டம் முடிக்கச் சுமார் 15 மணி நேரம் எடுக்கும். மன்னார் வளைகுடாவின் 8 பாகையில் அது 86 மணி நேரம். ஒரு நாள் ஓடவிட்டால் மாதிரி நிலைபெற்றுவிடும் என்ற வடகடல் வழக்கம் இங்கே செல்லாது. மூன்றரை நாள் காத்திருந்தால் அதற்குள் உண்மைக் காற்றே மாறிவிடும். ஆகவே அழுத்தச் சரிவைக் கொடுத்துக் காற்றை வளரவிடும் முறை கைவிடப்பட்டது. மறுபகுப்பாய்வுத் தரவிலிருந்து (பழைய அளவீடுகளை வானிலை மாதிரியோடு இணைத்து உருவாக்கியது) எடுத்த காற்று, வெப்பநிலைச் செங்குத்துக் கோலங்கள் நேராகவே மாதிரிக்குள் செலுத்தப்பட்டன.

மலை எழுப்பும் அலையும் பண்ணை எழுப்பும் அலையும்

ஓய்வுபெற்ற பொறியாளரை மாணவர்கள் அண்ணாச்சி என்றே அழைத்தனர். மற்றவர்கள் பண்ணை எழுப்பும் அலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, மேற்குக் காற்று பண்ணைக்கு வருவதற்கு முன்பே மலையைத் தாண்டித்தானே வருகிறது என்று கேட்டவர் அவர்தான். முப்பந்தலில் தாம் குறித்து வைத்திருந்த பழைய பதிவேட்டை எடுத்து வந்தார். நீலக்கோடு போட்ட நீளமான பேரேடு அது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே வரிசையில் நிற்கும் இயந்திரங்களின் உற்பத்தி மணிவாரியாகப் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. சில நாள்களில் கணவாயிலிருந்து ஒரு குறிப்பிட்ட தொலைவில் நிற்பவை மட்டும் பல மணி நேரம் தளர்ந்து ஓட, அவற்றுக்கும் அப்பால் நிற்பவை நன்றாக ஓடியிருந்தன. இயந்திரக் கோளாறு அல்ல என்பதை ஓரக்குறிப்புகள் சொல்லின. "காத்து குறையல்ல தம்பி, எடம் மாறிப் போவுது" என்றார்.

அது மலைக்குப் பின்னே நிலையாக நிற்கும் அலையின் முகடும் பள்ளமும்தான் என்று அந்தப் பதிவேட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கணவாயின் வளைவும் சிறு குன்றுகளும் அதே தோற்றத்தைத் தரலாம். ஆனால் கேள்வி சரியானது. மகேந்திரகிரி 1,600 மீட்டரைத் தாண்டிய மலை. உயரத்தை அதிர்வெண்ணால் பெருக்கிக் காற்று வேகத்தால் வகுத்தால் 1.6 வருகிறது. இது ஒன்றைத் தாண்டினால் காற்று மலையின் மேலேறுவதைவிடப் பக்கவாட்டில் பிரிந்து, கணவாய் வழியே தாரையாகப் பாய்வதையே விரும்பும். எளிய நேரியல் அலைக் கணக்கு அங்கே உதவாது. மறுபகுப்பாய்வுத் தரவும் இதில் கைகொடுக்காது. ஏறத்தாழ 31 கி.மீ. கட்டங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் வால்பகுதி ஒரு மழுங்கிய மேடாகத்தான் தெரிகிறது.

ஆகவே குழு மூன்று வகை ஓட்டங்களைப் பிரித்தது. மலை மட்டும் உள்ளது ஒன்று; பண்ணை மட்டும் உள்ளது ஒன்று; இரண்டும் உள்ளது ஒன்று. மூன்றாவது தரும் மாற்றத்திலிருந்து முதல் இரண்டும் தரும் மாற்றங்களைக் கழித்தால் மிஞ்சுவது, மலையலையும் பண்ணையலையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதால் வரும் பங்கு. மலையலையைச் சரிபார்க்கச் சென்டினல்–1 செயற்கைக்கோளின் ரேடார் படங்கள் பயன்பட்டன. கடற்பரப்பின் சொரசொரப்பைப் படமெடுக்கும் ரேடாரில், காற்று பலத்த இடம் வெளிறியும் தளர்ந்த இடம் கறுத்தும் தெரியும். சில படங்களில் கரைக்கு ஏறத்தாழ இணையாகச் சில கிலோமீட்டர் இடைவெளியில் பட்டைகள் இருந்தன. சின்னமுட்டம் துறைமுகத்தில் மீனவர்களிடம் கேட்டபோது, கச்சான் என்னும் மேற்குக் காற்று அடிக்கும் நாள்களில் கிழக்கே போகப் போகக் கடல் கொந்தளித்தும் அடங்கியும் மாறி மாறி வரும் என்பதை அவர்கள் சாதாரணமாகச் சொன்னார்கள். இருந்தாலும் பட்டைகளை எல்லாம் காற்றலை என்று எண்ணிவிடக் கூடாது. மழைமேகக் கூட்டமும், கடலுக்குள்ளேயே ஓடும் உள்ளலைகளும் அதே மாதிரிப் படத்தைத் தரும். மேகமில்லாத நாள், மேற்குக் காற்று நிலைத்த நாள், பட்டை இடம் நகராமல் நின்ற நாள் ஆகிய மூன்றும் கூடியவை மட்டுமே ஏற்கப்பட்டன. அப்படி வடிகட்டியபின் மிஞ்சியவை குறைவு.

கடல்பரப்பின் குளிர்ச்சி

மாதிரி சரியாகப் பிடிக்காத ஒன்று கடைசிவரை இருந்தது. தென்மேற்குப் பருவத்தில் குமரிமுனையை ஒட்டிய கடல், காற்றால் ஆழ்நீர் மேலெழுவதால் குளிர்கிறது. அதே வேளையில், மலையின் மேற்குச் சரிவில் மழையை உதிர்த்துவிட்டுக் கணவாய் வழியே இறங்கும் காற்று வெப்பமாகவும் வறண்டும் இருக்கிறது. வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த நீரின் மேல் போகும்போது, நீரை ஒட்டி மெல்லிய, நிலைத்த அடுக்கு ஒன்று உருவாகிறது. 150 மீட்டர் அச்சு உயரமும் 240 மீட்டர் விட்டமும் உள்ள காற்றாலையின் அலகுகள் 30 மீட்டரிலிருந்து 270 மீட்டர் வரை சுழல்கின்றன. அந்த மெல்லிய அடுக்கின் மேல்விளிம்பு அதற்கு நடுவிலேயே விழக்கூடும். அப்போது "எல்லை அடுக்கு, மூடி, மேல்வளி" என்ற மூன்றடுக்குப் படமே பொருந்தாது.

இதைத் தீர்க்க வேண்டியது அளவீடு. கையில் இருந்த வெப்பநிலைச் செங்குத்து அளவீடு, திருவனந்தபுரத்தில் வானிலைத் துறை பறக்கவிடும் பலூன்களிலிருந்து வருவது. அது மலையின் காற்றெதிர்ப் பக்கம். மேலும் பலூன்கள் ஏறும் நேரமான காலை 5.30-க்கும் மாலை 5.30-க்கும் இடையில், கணவாய்க் காற்று ஓங்கும் பிற்பகல் விழுந்துவிடுகிறது. கடலில் மிதந்தபடி லேசர் ஒளியால் அளக்கும் மிதவை லிடார் நல்ல கருவிதான். ஆனால் அது காற்றை மட்டும் சில நூறு மீட்டர் வரை அளக்கும், வெப்பநிலையை அளக்காது. காற்றை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் தலைகீழ் அடுக்கு எங்கே இருக்கிறது, எவ்வளவு வலுவானது என்பது அதில் தெரியாது. கரும்பலகைக் கணக்கில் உள்ள இரண்டு முக்கிய எண்களும் அவையே.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அறிக்கையில் முன்வரிசை இழப்பைத் தனியாகத் தருவதில்லை என்பது முதல் முடிவு. அல்லார்ட்சும் மேயர்சும் காட்டிய வழியில் இரண்டு விகிதங்கள் தரப்பட்டன. ஒன்று, தனித்து நிற்கும் காற்றாலையோடு ஒப்பிட்டு முன்வரிசை எவ்வளவு தருகிறது என்பது. மற்றொன்று, முன்வரிசையோடு ஒப்பிட்டு மொத்தப் பண்ணை எவ்வளவு தருகிறது என்பது. அலையால் முன்னது குறைந்தால் பின்னது பெரும்பாலும் கூடுகிறது. முன்னதை மட்டும் எடுத்து, வழக்கமான காற்று நிழல் கணக்கோடு சேர்த்துக் கழித்தால் ஒரே பொருளை இருமுறை கழித்ததாகும். ஆலோசனை நிறுவனம் கேட்ட வடிவமே அதுதான் என்பதால், இந்த முடிவை விளக்குவதற்கு ஒரு நீண்ட கூட்டம் தேவைப்பட்டது.

இரண்டாவது, முழுமையான உருவகத்தைத் தேர்ந்தெடுத்த சில வளிமண்டல நிலைகளுக்கு மட்டும் ஓட்டி, ஆண்டு முழுவதற்கும் எளிய மூன்றடுக்கு மாதிரியைப் பயன்படுத்துவது. எளிய மாதிரி பெருமாதிரியோடு ஒத்துப்போகாத நிலைகள் மறைக்கப்படாமல் தனிப்பட்டியலாகத் தரப்பட்டன. அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை கடல் குளிர்ந்திருந்த நாள்கள் என்பது எதிர்பார்த்ததே.

வடகிழக்குப் பருவத்துக்கு அதிக நேரம் செலவிடப்படவில்லை. அப்போது காற்று கடல்வழியே வருகிறது, மலை பண்ணைக்குப் பின்னால் நிற்கிறது. காற்றின் பங்களிப்பும் குறைவு.

விளைவு

திருத்திய பெட்டியில், முன்வரிசை இழப்பு முதல் ஓட்டத்தின் மதிப்பில் பாதிக்கும் கீழே வந்தது. பண்ணையின் மொத்த உற்பத்தியில் அலைகளின் நிகர விளைவு, தலைகீழ் அடுக்கு தாழ்ந்தும் வலுத்தும் ஃபுரூட் எண் ஒன்றை ஒட்டியும் இருந்த நிலைகளில் தெளிவான கழித்தலாகவும், மற்றவற்றில் சுழியை ஒட்டியும் அமைந்தது. மலையலையின் பங்கு வேறு விதம். அது மொத்தத்தைக் குறைக்கவோ கூட்டவோ செய்வதைவிட, எந்த வரிசை முகட்டில் நிற்கிறது, எது பள்ளத்தில் நிற்கிறது என்பதை மாற்றியது. பண்ணையின் நீளமும் அலைநீளமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், பண்ணையை இரண்டு, மூன்று கிலோமீட்டர் நகர்த்தினால் வரிசைகளின் பலன் இடம் மாறுகிறது. ஆனால் அலையின் முகடு நாளுக்கு நாள் நகரும் என்பதால், இதை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுக்கலாகாது என்று அறிக்கையில் எழுதப்பட்டது.

ஆலோசனை நிறுவனம் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக ஒரு வரம்பைத் தயக்கத்தோடு ஏற்றது. வரம்பின் அகலத்துக்குக் காரணம் மாதிரி அல்ல, வெப்பநிலை அளவீடு இல்லாமைதான் என்பது விளக்கப்பட்டபோது, அவர்களுடைய அளவீட்டுத் திட்டத்தில் கரையோரத்தில் ஒரு நுண்ணலைக் கதிரளவி சேர்க்கப்பட்டது. மேகம் இருக்கும் நாள்களிலும் சில கிலோமீட்டர் உயரம் வரை வெப்பநிலைக் கோலத்தைத் தரக்கூடிய கருவி அது. ஆனால் தலைகீழ் அடுக்கின் கூர்மையான தாவலை அது மழுக்கியே காட்டும். ஆகவே பருவத்தின் உச்சத்தில் பிற்பகல் நேரப் பலூன்களும் வேண்டும் என்று குழு வற்புறுத்தியது. செலவு காரணமாக அதில் இன்னும் இழுபறி நீடிக்கிறது.

மாற்ற வேண்டியவை

மறுமுறை இதே பணி வந்தால், பண்ணையில்லாத பெட்டியின் சோதனை ஒப்பந்தத்திலேயே தனிக் கட்டமாக, தனிக் கட்டணத்தோடு இருக்க வேண்டும் என்று பேராசிரியர் தீர்மானித்திருக்கிறார். உந்தப் பாய்வு வரைபடம் ஒவ்வொரு ஓட்டத்தின் முதல் பக்கத்திலும் இடம்பெறும். முப்பந்தலில் ஓடும் இயந்திரங்களின் மணிவாரிப் பதிவுகள் கிடைத்தால், மலையலையின் மாதிரியைக் கடலுக்குக் கொண்டுபோகும் முன் நிலத்திலேயே சோதிக்கலாம் என்பது அண்ணாச்சியின் யோசனை. பதிவுகள் பல உரிமையாளர்களிடம் சிதறிக் கிடப்பதால் அது சொல்வதுபோல் எளிதல்ல.

மழைக்காலக் காற்றின் ஈரப்பதமும் கணக்கில் சேரவில்லை. மேகத்துக்குள் நீராவி நீர்த்துளியாகும்போது வெளிவரும் வெப்பம் மேல்வளியின் நிலைப்புத்தன்மையைக் குறைக்கும். அலை அங்கே வேறு நீளத்தில் ஓடும். மன்னார் வளைகுடாப் பக்கம் மழைமறைவுப் பகுதி என்பதால் குழு இதை இரண்டாம் கட்டத்துக்கு ஒத்திவைத்தது. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பண்ணைக்குக் காற்று வந்து சேருவதற்கு முன் மலையின் மேல் நடப்பது ஈரமான காற்றில்தான்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், நிறுவனத்தின் வேண்டுகோளுக்கு எதிராகவே, ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது. 35 காற்றாலைகளுக்குக் கிடைத்த வரம்பை, பக்கத்திலேயே இரண்டாவது 500 மெகாவாட் பண்ணை வரும்போது இரட்டிப்பாக்கிப் பயன்படுத்தக் கூடாது. நீளம் இரண்டு மடங்கானால் அது அலைநீளத்தோடு கொள்ளும் உறவே மாறிவிடும். முதல் பண்ணை எழுப்பும் அலையின் பள்ளமோ முகடோ இரண்டாவதன் முன்வரிசையில் விழும். அதற்குப் புதிய ஓட்டங்களே தேவை.